ரப்பர் நெத்தோலி

ஜெனினைப் பற்றி எழுதுவதென்றால் வாந்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெரிய மனிதர்களின் வாழ்க்கைக் கதைகள் பிறந்த ஊரிலும் படித்த பள்ளியிலும் தொடங்கும். இவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் கடற்கரை ஊரான இனயத்தில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். "எந்த ஜெனினு? வாந்தி எடுக்கிற ஜெனினா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு அவனை அவன் அப்பா கடலுக்குக் கூட்டிப் போனார். நானும் அதே வருஷம்தான் வள்ளத்தில் ஏறினேன். முதலில் எல்லோரும்தான் வாந்தி எடுப்போம். எலுமிச்சங்காயை மூக்கில் தேய்ப்பார்கள், கடல் தண்ணீரை ஒரு மடக்கு குடிக்கச் சொல்வார்கள், கொஞ்ச நாளில் உடம்பு பழகிவிடும். ஜெனினுக்கு அந்த வருஷம் முழுக்கப் பழகவில்லை. கரையேறும்போது வெளுத்துப்போய், நிற்க மாட்டாமல் மணலில் உட்கார்ந்துவிடுவான். கடைசியில் அவன் அம்மா கரைக்கே வந்து, "எனக்குப் பிள்ள போதும், மீனு வேண்டாம்" என்று சொல்லி அவனைக் கையோடு கூட்டிப் போனாள். கடல் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

பிறகு ஷார்ஜா. அங்கே ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வாளிக்குக் கைப்பிடி செய்யும் வேலை. கம்பெனி மூடியதும் திரும்பி வந்து, மீன் ஏற்றுகிற லோடு ஆட்டோ ஒன்று வாங்கினான். காலையில் கரையில் மீனை ஐஸோடு ஏற்றி வடசேரிச் சந்தைக்குக் கொண்டுபோவான். அஜிதாவைக் கட்டினான். அஜிதாவின் அப்பா ததேயுஸ்தான் நான் போகிற வள்ளத்தின் சொந்தக்காரர். அவர், நான், ஜேசுதாஸ் என்று மூன்று பேர் அதில் தூண்டிலுக்குப் போவோம். வாந்திக்காரனுக்கு மகளைக் கொடுத்துவிட்டாரே என்று சிலர் அவர் காதுபடவே பேசினார்கள். அவர் வாய் திறந்ததில்லை. அவர் எதற்கும் அப்படித்தான்.

இங்கே எங்கள் கரையின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விற்கிற மீன் ஏலத்துக்குப் போனபிறகு, வீட்டுக் கறிக்கென்று ஒதுக்கிய மீனை மணலில் கூறு போடுவோம். எத்தனை பேர் கடலுக்குப் போனோமோ அத்தனை கூறு. எது யாருக்கு என்று வாய்ச்சண்டை வரக் கூடாது அல்லவா? அதனால் ஒவ்வொருவனும் கையில் கிடைத்த ஏதாவது ஒரு பொருளை அடையாளமாகக் கொடுப்பான். ஒருவன் சிப்பி, ஒருவன் தீக்குச்சி, ஒருவன் பீடித்துண்டு. எது யாருடையது என்று தெரியாத யாரையாவது கூப்பிட்டு, கூறுக்கு ஒன்றாக வைக்கச் சொல்வோம். உன் சிப்பி விழுந்த கூறு உன்னுடையது. பெரிய மீனானாலும் சின்ன மீனானாலும் முணுமுணுக்கக் கூடாது. வாந்தி எடுத்துக் கிடந்த அந்த வருஷம் ஜெனின் அவன் அப்பாவின் கூறில்தான் அடக்கம்.

நாங்கள் கூறு போடும்போது ஜெனின் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு நிற்பான். ததேயுஸ் தன் கூறிலிருந்து ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, "மக்கா, அஜிதாகிட்ட குடு" என்று நீட்டுவார். இவன் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொள்வான். அதில் யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஒருநாள் என்னிடம் மனம்விட்டுச் சொன்னான். "ஆன்ட்ரூஸ், எனக்க வீட்டுச் சட்டியில கொதிக்கிறது மாமனுக்க மீனாக்கும். எனக்க மீனு ஒருநாளும் கொதிச்சதில்ல."

"நீதான் நாலு காசு பாக்கியே, வாங்கிட்டுப் போ" என்றேன்.

"வாங்குறது வேற மக்கா. கூறு வேற."

அவன் சொன்னது உண்மை.

ரப்பர் மீன் எங்கள் வள்ளத்துக்கு வந்தது இரண்டாயிரத்துப் பதினாலில், ஓணம் கழிந்த சமயம். ஜேசுதாஸின் உறவுக்காரர் ஒருவர் பஹ்ரைனிலிருந்து ஒரு பாக்கெட் கொண்டுவந்தார். விரல் நீளத்தில், கொழகொழவென்று, தொட்டால் ஆடுகிற மீன்கள். தூண்டில் முள்ளில் கோத்துத் தண்ணீரில் இழுத்தால் பாரை மீன் பாய்ந்து கவ்வியது. இரை வாங்கி வைக்க வேண்டாம், நாறாது, நழுவாது. ஒரே குறை, பெரிய பாரை ஒன்று கடித்தால் வால் போய்விடும். இரண்டு வாரத்தில் பாக்கெட் காலி. பிய்ந்த துண்டுகளைக் கரையில் எறிந்தோம். ஜெனின் ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

"இது பிளாஸ்டிக்காக்கும். இத நான் செய்வேன்" என்றான்.

வாளிக் கைப்பிடி செய்தவன் மீன் செய்யக் கிளம்பிவிட்டான் என்று ஜேசுதாஸ் கரை முழுக்கப் பரப்பினான். கேலிக்கு ஆள் கிடைத்தால் அவனுக்குச் சாப்பாடே வேண்டாம். எனக்கும் நம்பிக்கை இல்லை. கம்பெனியில் இயந்திரம் செய்தது, இவன் பொத்தானை அழுத்தினான், அவ்வளவுதானே? ஆனால் அவன் முகத்தில் இருந்தது வேடிக்கை இல்லை. அதைப் பார்த்தபிறகு என்னால் சிரிக்க முடியவில்லை.

யூடியூப்பைப் பார்த்துத்தான் படித்தான். கொச்சியில் இருக்கும் ஒரு சிநேகிதன் வழியாக, பால்போல் வெள்ளையாக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் திரவத்தை வரவழைத்தான். வடசேரியில் பிளாஸ்டர் மாவு வாங்கினான். சந்தைக்குப் போகிற நெத்தோலியில் (நெத்திலியைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம்) நல்லதாக ஒன்றை எடுத்து, எண்ணெய் தடவி, குழைத்த மாவில் பாதி அமுக்கினான். மாவு இறுகியதும் மீனை எடுத்தால் அதே வடிவில் ஒரு பள்ளம். அதுதான் அச்சு.

முதல்நாள் திரவத்தை அடுப்பில் வைத்துக் கிண்டினான். கொஞ்ச நேரத்தில் அது ஆறிப்போன கஞ்சிபோலக் கட்டி தட்டியது. கெட்டுவிட்டது என்று கொண்டுபோய்க் கொட்டினான். கட்டி தட்டியபிறகும் விடாமல் சூடேற்றிக் கிண்டினால் அது இளகித் தெளிந்து தேன்போல ஓடும் என்பது வீடியோவின் பிற்பாதியில் இருந்ததாம். நெட் தீர்ந்துபோனதால் இவன் முற்பாதிதான் பார்த்திருந்தான். இரண்டாம் முறை தேன் பதம் வந்தது. அச்சு சரியாகக் காயாமல் ஈரமாக இருந்ததால், ஊற்றியதும் கொதித்துத் தெறித்து மணிக்கட்டில் பட்டது. மூன்றாம் முறை சூடு மிஞ்சிக் கருகி, வீடு முழுக்கக் கண்ணைக் கரிக்கும் புகை.

அஜிதா வாசலில் நின்றாள். "இஞ்ச பாருங்க, இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்லாட்டா இந்தப் புகை இருக்கணும்."

அன்றோடு தொழிற்சாலை கொல்லைப்பக்கம் முருங்கை மரத்தடிக்கு மாறியது. பழைய சட்டி ஒன்றை அவள் தாரை வார்த்தாள். அது இனி கறி வைக்க ஆகாது. ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த முகமூடியை மாட்டிக்கொண்டு அவன் சட்டிமுன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே வேலியோரம் ஆள் கூடும். ஒருவழியாக மீன்கள் உருவாகின. வெள்ளிப் பொடியும் வெள்ளைச் சாயமும் கலந்து, வடசேரிக்குப் போகிற நெத்தோலியோடு வைத்தால் வித்தியாசம் தெரியாதபடி செய்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று அஜிதாவின் பிளாஸ்டிக் டிபன் டப்பாவில் போட்டு வைத்தான். மறுவாரம் திறந்தால் மீன்கள் டப்பாவோடு உருகி ஒட்டிக் கிடந்தன. அந்த ரப்பரில் இருக்கும் எண்ணெய் கெட்டிப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடுமாம். இதுவும் வீடியோவில் எங்கோ இருந்திருக்கும். டப்பா போன கோபத்தில் அஜிதா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

மறுபடி செய்தான். இந்த முறை சாதாரண கவரில் போட்டு எங்களிடம் கொடுத்தான்.

ஒன்றும் கடிக்கவில்லை. முதல்நாள் ராசி இல்லை என்றோம். மறுநாள் நீரோட்டத்தைக் குறை சொன்னோம். அதற்கும் மறுநாள் ஒரு பக்கம் வழக்கமான இரையான கணவாய்த் துண்டும் மறுபக்கம் ஜெனினின் மீனும் போட்டோம். கணவாய்ப் பக்கம் கயிறு இழுபட்டது. இவன் மீனை எதுவும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெறுங்கவரோடு கரைக்கு வந்தால் மீன் கடித்துத் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடுவானே என்று, அத்தனையையும் திரும்பக் கொண்டுவந்தோம்.

ததேயுஸ் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். "மக்கா, மனசுல ஒண்ணும் வச்சிராத. வேலை கொள்ளாம், நல்ல நேர்த்தி. ஆனா இது செத்த நெத்தோலியாக்கும்."

"நெத்தோலி இப்படித்தானே மாமா இருக்கும்?"

ஜேசுதாஸ் சிரித்தான். "ஐஸ்பெட்டியில இப்படித்தான் இருக்கும். கடலுக்கு வராதவன் உயிருள்ள நெத்தோலிய எங்க கண்டான்?"

எனக்கு ஜேசுதாஸ் மேல் எரிச்சல் வந்தது. அவன் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. ஜெனின் வாழ்நாளில் டன் டன்னாக நெத்தோலி ஏற்றியவன். எல்லாம் வாய் பிளந்து, கண் வெளுத்து, ஐஸில் விறைத்தவை. உயிரில்லாத வெள்ளையைத்தான் அவன் நெத்தோலியின் நிறம் என்று நம்பியிருந்தான். அது எங்களுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். தெரியாத ஒருவன் இருப்பான் என்று நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை.

"அப்பம் உயிருள்ளது எப்படி இருக்கும்?" என்று கேட்டான்.

நான் "பளபளன்னு இருக்கும்" என்றேன். ததேயுஸ் யோசித்து, "பாத்தா தெரியும்" என்றார். ஜேசுதாஸ் விரலை ஆட்டிக் காண்பித்தான். எங்கள் மூன்று பேரின் அறிவும் அவ்வளவுதான். இத்தனை வருஷம் பார்த்ததில் ஒன்றையாவது நாங்கள் பார்த்தோமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வாளியில் உயிரோடு கொண்டுவரலாம் என்றால் நெத்தோலி கை பட்டாலே சாகிற சாதி. கரை சேருமுன் வெளுத்துவிடும்.

ஜெனின் மீன்களைத் திரும்பக் கவரில் போட்டான். பிறகு, "மாமா, ஒருநாள் நானும் வாறேன்" என்றான்.

ததேயுஸ் அவன் முகத்தைப் பார்த்தார். "வா" என்றார்.

வெறும் வயிற்றில் போனால் குடல் வெளியே வந்துவிடும் என்று அஜிதா விடியற்காலையில் அவனுக்குக் கஞ்சியும் பயறும் கொடுத்து அனுப்பியிருந்தாள். முதல் அலையைத் தாண்டும்வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கரை கண்ணுக்கு மறையுமுன்பே தொடங்கிவிட்டது. வள்ளத்தின் விளிம்பில் நெஞ்சை வைத்து, தலையைத் தண்ணீருக்குமேல் தொங்கவிட்டுக்கொண்டு கிடந்தான். எனக்குப் பழைய நாட்கள் கண்முன் வந்தன. பாவம், எதற்கு இந்த வேலை என்று மனம் வலித்தது.

நாங்கள் எஞ்சினை நிறுத்தித் தூண்டில் போட்டோம். ஜேசுதாஸுக்குப் பொறுமை போய்விட்டது. "இவன வச்சிட்டு இன்னைக்கு ஒண்ணும் நடக்காது. கரைக்கு விடுங்க" என்று எஞ்சின் கயிற்றில் கை வைத்தான்.

"எஞ்சின எடுக்காத! யாரும் அனங்காதீங்க, அசையாம இருங்க!"

தலை தொங்கியபடியே ஜெனின் கத்தினான். மயங்கிக் கிடக்கிறான் என்று நினைத்திருந்த நாங்கள் திடுக்கிட்டுப் போனோம். நான் மெதுவாக அவன் பக்கத்தில் படுத்து எட்டிப் பார்த்தேன்.

அவன் வாந்தியைத் தேடி நெத்தோலிக் கூட்டம் வந்திருந்தது. மூக்குக்குக் கீழே, ஒரு சாண் ஆழத்தில், கஞ்சிப் பருக்கைகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கில் திரிந்தன.

"லே ஆன்ட்ரூஸ்," என்றான் ரகசியம் பேசுவதுபோல, "இதுக்க உள்ள வழியா அங்கிட்டு தெரியுது லே."

அவன் சொன்னபிறகுதான் நானும் பார்த்தேன். உயிருள்ள நெத்தோலி வெள்ளையே இல்லை. கண்ணாடி. முதுகில் மட்டும் பாசிப்பயறு நிறத்தில் ஒரு மெல்லிய பச்சை. வயிற்றில் சின்னதாக ஒரு வெள்ளி முடிச்சு. பக்கவாட்டில் ஒரே ஒரு வெள்ளிக் கோடு, அது திரும்பும்போது மின்னும், மறுபடி திரும்பினால் மீனே இருக்காது. உடம்பு ஆடுவதில்லை, வாலின் நுனி மட்டும் நடுங்குகிறது. வாய் மூடியிருக்கிறது. இவ்வளவையும் அவன் வாந்தி எடுப்பதும் பார்ப்பதுமாக, ஒவ்வொன்றாக எனக்குச் சொன்னான். ஒவ்வொரு முறை வாந்தி எடுக்கும்போதும் கூட்டம் இன்னும் பக்கத்தில் வந்தது. பார்க்கிறதற்கு அவன் கொடுத்த விலை அது. நாங்கள் கயிற்றையே பார்த்துப் பார்த்து வயதானவர்கள். இந்தத் தண்ணீருக்குள் இவ்வளவு நேரம் யாரும் குனிந்து பார்த்ததில்லை.

அவன் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லாமல் போனபிறகு ததேயுஸ் வள்ளத்தைத் திருப்பினார். அன்றைக்கு மீன் இல்லை. மீன் இல்லாததால் கூறும் இல்லை. வாழ்க்கையில் மறுபடி ஒருமுறை கடலுக்குப் போயும் அவன் அடையாளம் போடாமலே மணலில் உட்கார்ந்திருந்தான். ஜேசுதாஸ் எல்லோருக்கும் கேட்கும்படி முனகிக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

மறுவாரம் அஜிதாவின் துணி சோப்பு காணாமல்போகத் தொடங்கியது. செத்த மீனை அச்செடுப்பதை ஜெனின் விட்டுவிட்டான். கண்ணில் பதிந்திருந்த மீனை சோப்பில் செதுக்கினான். வால் சரியில்லை என்று ஒன்றைத் தூர எறிவான், தலை பெருத்துவிட்டது என்று இன்னொன்றை. வாலைப் பிளேடால் சீவிச் சீவி, காகிதம்போல மெல்லிசாக்கினான். வெள்ளைச் சாயத்தைத் தொடவே இல்லை. தேன் பதத்தில் இருந்ததை அப்படியே ஊற்றினான், முதுகுக்கு மட்டும் ஒரு துளி பச்சை. வெள்ளிக் கோட்டுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் திண்டாடினான். போன கிறிஸ்துமஸுக்குக் கட்டிய ஸ்டாரைப் பரணிலிருந்து இறக்கி, அதில் தொங்கிய ஜிகினாவில் ஒரு இழையைக் கிழித்து அஜிதாதான் கொடுத்தாள். அதை அச்சில் வைத்து மேலே ஊற்றினான்.

வாளித் தண்ணீரில் போட்டு நூலால் இழுத்துப் பார்த்தார்கள். அஜிதா கடற்கரையில் பிறந்தவள். வாயில் கை வைத்துக்கொண்டு, "அய்யோ, இதுக்க வாலு நடுங்குதே" என்றாள். அதற்குப்பிறகு சோப்பைப் பற்றி அவள் பேசியதில்லை.

இந்த முறை கவரை அவன் ஜேசுதாஸிடம் கொடுத்தான். ஜேசுதாஸ் கடலில் வேண்டாவெறுப்பாக ஒன்றை முள்ளில் கோத்தான். முதல் இழுப்பிலேயே பல்லுள்ள எதுவோ வாலைத் துண்டாக வெட்டிக்கொண்டு போனது. ஜேசுதாஸ் வெட்டுப்பட்ட ரப்பரையே கொஞ்ச நேரம் பார்த்தான். இன்னொன்றைக் கோத்தான். அடுத்து விழுந்தது ஒரு பாரை, நல்ல எடை. பிறகு எனக்கு ஒன்று, ததேயுஸுக்கு ஒன்று. வள்ளம் நிறைந்து வழிந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் கணவாய்த் துண்டு அன்று பெட்டியிலேயே கிடந்தது.

கரையில் ஜெனின் வழக்கம்போல ஆட்டோவில் சாய்ந்து நின்றான். எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பான். கேட்கவில்லை. ஏலம் முடிந்தது. ததேயுஸ் கை கால் கழுவக் கடலுக்கு இறங்கினார். ஜேசுதாஸ் மணலில் குத்தவைத்துக் கறிமீனைக் கூறு போட்டான். மூன்று கூறு போட்டவன் நிறுத்தவில்லை. மூன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து நான்காவதாக ஒன்றை வைத்தான்.

"லே ஜெனின், உனக்க அடையாளத்தத் தா."

ஜெனின் அசையவில்லை. "நான் கடலுக்கு வரல்லியே."

"ஏலக் காசுல எஞ்சினுக்குப் பங்கு வச்சோம் இல்லியா? எஞ்சினு எங்கயாவது மீனு பிடிச்சுதா?" ஜேசுதாஸ் தலை நிமிராமல் சொன்னான். "உனக்க நெத்தோலி பிடிச்சுது. பின்ன, அன்னைக்கு நீ வந்ததுக்குக் கூறு போடல்ல. அதும் இருக்கு. தா லே, வெயிலாவுது."

ஜேசுதாஸ் வாயிலிருந்து இப்படி ஒரு நியாயம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் சிப்பியை நீட்டினேன். ஜேசுதாஸ் தீக்குச்சி. ததேயுஸுக்காக ஒரு பீடித்துண்டு. ஜெனின் பேன்ட் பையைத் துழாவினான். ஆட்டோ சாவி மட்டும்தான் இருந்தது. சட்டைப் பையில் கை விட்டு, வெள்ளையாக ஒன்றை எடுத்தான். முதலில் செய்து தோற்றுப்போன செத்த நெத்தோலி. இத்தனை நாளும் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஆட்டோ ஓட்டியிருக்கிறான்.

கூடையோடு போய்க்கொண்டிருந்த ஒரு அக்காவைக் கூப்பிட்டோம். அவள் நான்கையும் வாங்கி, ரப்பரை மட்டும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, கூறுக்கு ஒன்றாக வைத்தாள். ஜெனினுக்கு விழுந்தது இருப்பதிலேயே சின்ன கூறு. ஒரு குட்டிப் பாரையும் இரண்டு பொடி மீனும். அவன் மணலில் முட்டி போட்டு உட்கார்ந்து, மண் போக ஒவ்வொன்றாகத் துடைத்துக் கவரில் போட்டான். அவ்வளவு நேரம் எடுத்து யாரும் மூன்று மீனைப் பொறுக்கி நான் பார்த்ததில்லை.

ததேயுஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார். தன் கூறுக்குக் குனிந்தார். கை பழக்கதோஷத்தில் ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கியது.

"மக்கா, அஜிதாகிட்ட குடு."

ஜெனின் எழுந்தான். முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

"எனக்கு இருக்கு மாமா."

அவர் அவன் கையிலிருந்த கவரைப் பார்த்தார். மணலில் நான்காவது கூறு கிடந்த இடத்தைப் பார்த்தார். நீட்டிய மீன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

"ஆமா" என்றார். மீனைத் திரும்பத் தன் கூறில் வைத்தார்.